ஏஜென்ட் காசு கேட்டால்?

லண்டனில் 1870களில் ஏ.பி.வாட் என்பவர் எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகங்களிடம் பேரம் பேசி, வந்த தொகையில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டார். இலக்கிய முகவர் தொழில் வேர்விட்டது அப்படித்தான். இன்று பிரிட்டன், அமெரிக்காவில் பொதுவாக 15 சதவீதம். மொழிபெயர்ப்பு உரிமைக்குப் பெரும்பாலும் 20.

என் ஆங்கில நாவலுக்கு முகவர் தேடியபோது ஒருத்தர் "படிச்சுப் பார்க்கவே" கட்டணம் கேட்டார். கார்டை கையில எடுத்துட்டேன். அப்புறம்தான் உறைத்தது: புத்தகம் விற்றால்தானே முகவருக்கு வருமானம்? முன்னாடியே காசு வாங்கிட்டா, விற்க அவர் ஏன் மெனக்கெடணும்? கார்டை உள்ளே வைத்தேன்.

இப்போ என் வழி இது: நாவலை முழுசா முடிப்பது. அதே ரக நாவல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டுவது. எழுத்தாளர்கள் தங்கள் முகவர் பெயரை அங்கேதான் சொல்வார்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம், கதைச்சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள். காசு மட்டும் அனுப்பாதீங்க.