ஜப்பானுக்கு முதன்முறையாகச் செல்வோர் கவனத்திற்கு

படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் நம் பிள்ளைகள் பலர் இன்று ஜப்பான் செல்கின்றனர். வீசாவும் டிக்கெட்டும் கிடைத்தவுடன் ஆயத்தம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால் இங்கு சாதாரணமாக இருக்கும் சில விடயங்கள் அங்கு குற்றமாகிவிடும்.

முதலில் மருந்து. தடிமனுக்குப் பாவிக்கும் சில மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் உள்ளது. அது 10 வீதத்தைத் தாண்டினால் முன்அனுமதியின்றி ஜப்பானுக்குக் கொண்டுசெல்ல முடியாது. கோடீன் கலந்த மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வைத்தியர் எழுதித் தரும் வழமையான மருந்துகளையும் ஒரு மாதத்துக்கு மேல் கொண்டுசெல்வதாயின் முன்அனுமதி வேண்டும். மாத்திரைகளைப் பெட்டியிலிருந்து பிரிக்காமல், வைத்தியரின் சிட்டையுடன் எடுத்துச்செல்லுங்கள். சந்தேகமிருந்தால் கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் விசாரியுங்கள்.

அடுத்தது கடவுச்சீட்டு. குறுகியகாலம் தங்குவோர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பிரதி போதாது. தவறினால் 100,000 யென் வரை தண்டம் விதிக்கலாம். நீண்டகாலம் தங்குவோர் வதிவிட அட்டையை வைத்திருக்க வேண்டும்.

உணவில், "இறைச்சி வேண்டாம்" என்பது மட்டும் போதாது. மீன் கறியிலும் மிரின் எனும் இனிப்பு அரிசி மது சேர்க்கப்படலாம். நூடில்ஸ் சூப் பன்றி எலும்பில் காய்ச்சியதாக இருக்கலாம். கேட்டறிந்தே உண்ணுங்கள்.

அங்கு மின்சாரம் 100 வோல்ட்; பிளக்கில் இரு தட்டையான கம்பிகள். சார்ஜரில் 100–240 என்றிருந்தால், அடாப்டர் ஒன்று போதும். இங்குள்ள ரைஸ் குக்கர் சரியாக வேலை செய்யாது.

அவசரத்துக்குப் பொலிஸ் 110, அம்புலன்ஸ் 119.

பெற்றோரே, பயணப் பொதியை மூடுமுன் பிள்ளையுடன் அமர்ந்து மருந்துப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். அன்போடு நாம் வைத்துவிடும் மாத்திரையே அவர்களை விமான நிலையத்தில் சிக்கவைக்கலாம்.