உயிரியல் துறையை விட்டு வெளியே வந்த டார்வின்

பெற்ற குஞ்சைத் தாயோ தகப்பனோ கொன்றுபோடுகிறது. வாரிசைப் பெருக்குவதுதான் பரிணாமத்தின் கணக்கு என்றால் இது எப்படி நடக்கும்? எந்தச் சூழலில் இது அந்த உயிருக்கு ஆதாயமாக முடியும்? நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் டேவிட் ஸ்லோன் வில்சன் தம் வகுப்பில் போட்ட கேள்வி இது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் உயிரியல் மாணவர்கள் அல்லர். எந்தத் துறை மாணவரும் அதில் சேரலாம். டார்வினை ஒரு பக்கம்கூடப் படிக்காதவர்களும் சற்று யோசித்துவிட்டு மூன்று பதில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தீனி போதாதபோது, குஞ்சு தேறாது என்னும்போது, குஞ்சு தன்னுடையதுதானா என்று உறுதி இல்லாதபோது.

மூன்றுக்கும் களத்தில் சான்று உண்டு. முதல் பதிலுக்கு, வில்சனே ஆராய்ந்த ஒரு வண்டு இருக்கிறது. செத்த எலியையோ சிறு பறவையையோ கண்டால் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து அதை மண்ணுக்குள் புதைக்கும். ரோமத்தை உரித்து, இறைச்சியை உருண்டையாக்கி வைக்கும். அருகில் இட்ட முட்டைகள் பொரிந்து புழுக்கள் வந்ததும், தாயும் தகப்பனும் தாம் தின்றதைக் கக்கி அவற்றுக்கு ஊட்டும். பூச்சி உலகில் இவ்வளவு கரிசனமான பெற்றோரைக் காண்பது அரிது. ஆனால், புழுக்களின் எண்ணிக்கை இறைச்சிக்கு மிஞ்சினால், அதே பெற்றோர் சிலவற்றைத் தின்று கணக்கை நேர்செய்துவிடும். மூன்றாவது பதிலுக்கான சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1970-களில் ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் மந்திகளைக் கவனித்த சாரா பிளாஃபர் ஹர்டி, வெளியிலிருந்து வந்து கூட்டத்தைக் கைப்பற்றும் ஆண் மந்தி அங்கிருக்கும் கைக்குட்டிகளைத் தாக்கிக் கொல்வதை விரிவாக எழுதினார். பாலூட்டுவது நின்றால் தாய் மந்தி சீக்கிரம் மறுபடி சினைப்படும். புதிய ஆணுக்கு அதுதான் லாபம் என்றார்.

இதுவரை உயிரியல். மனிதர்களிடமும் இதே மூன்று காரணங்கள் தென்படுமா என்று கேட்டதும் வகுப்பு வேறு திசைக்குத் திரும்புகிறது. உளவியலாளர்களான மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும் உலகின் பல சமூகங்களைப் பற்றிய இனவரைவியல் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, சிசுக்கொலை பேசப்படும் இடங்களில் பெரும்பாலும் இந்த மூன்றுமே சொல்லப்படுவதாக 1988-இல் வந்த தங்கள் நூலில் காட்டினார்கள். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் உசிலம்பட்டியும் சேலமும் 1992-இல் வந்த தொட்டில் குழந்தைத் திட்டமும் நினைவுக்கு வராமல் இருக்காது. வரதட்சணை, சொத்துரிமை, சாதி வழக்கம் ஆகியவற்றை விட்டுவிட்டு அந்தப் பெண்சிசுக்கொலைக் கொடுமையை எந்த உயிரியலாலும் விளக்க முடியாது. ஒரு செயலுக்குக் காரணம் தேடுவது அதற்கு நியாயம் கற்பிப்பதும் ஆகாது. பரிணாமத்தை உயிரியல் துறையிடம் மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு வரலாற்றாசிரியரும் சமூகவியலாளரும் கட்டாயம் வேண்டும்.

2003-இல் பிங்ஹாம்டனில் தொடங்கிய 'எவோஸ்' என்ற பரிணாமக் கல்வித் திட்டம் செய்தது இதைத்தான். தொடங்கியவர் வில்சன். நாவலாசிரியர் ஸ்லோன் வில்சனின் மகன். நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளை ஆராய்ந்து தொழிலைத் தொடங்கியவர், 2002-இல் மதங்களையே பரிணாம நோக்கில் அலசி 'டார்வினின் தேவாலயம்' என்ற நூலை எழுதினார். இப்படித் துறைவிட்டுத் துறை தாவிய மனிதருக்கு, பல்கலைக்கழகங்களில் துறைக்குத் துறை எழுந்து நின்ற சுவர் கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் அந்தச் சுவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடவுள் மனிதரை இன்றைய வடிவிலேயே, பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் படைத்தார் என்று நம்புவோர் அங்கே 45 சதவீதத்தை ஒட்டி இருந்தார்கள் என்று கேலப் கருத்துக்கணிப்புகள் பல ஆண்டுகள் சொல்லிவந்தன. அதைப் பற்றியே எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வில்சனுக்கு அதற்கு இணையான இன்னொரு கவலை இருந்தது. பரிணாமத்தை முழுதாக ஏற்றுக்கொண்ட பேராசிரியர்களே, தங்கள் துறைக்கு அது சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. புதிய துறை எதுவும் தொடங்கவில்லை; புதிய பட்டமும் இல்லை. எந்தத் துறை மாணவரும் சேரலாம். முதலில் 'எல்லாருக்கும் பரிணாமம்' என்ற அறிமுகப் பாடம். இதற்கு முன்தகுதி கிடையாது. பிறகு மானுடவியல், உளவியல், உயிரியல் என்று வெவ்வேறு துறைகளில் ஏற்கெனவே நடக்கும் பாடங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் படிக்கலாம். முடிவில் ஒரு சான்றிதழ். இவற்றையெல்லாம் ஒன்றாகக் கட்டிய கயிறு, வெளியிலிருந்து அறிஞர்களை அழைத்து நடத்திய தொடர் கருத்தரங்கு. பேச வருபவரின் கட்டுரையை மாணவர்கள் முன்கூட்டியே படித்து, தங்கள் கருத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். அதனால் பேச்சு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடாது. கையில் கேள்வியோடு வந்தவர்கள் விட மாட்டார்கள். முதல் பாடம் மாணவர்களிடம் உண்டாக்கிய மாற்றத்தை வில்சன் அளந்தும் பார்த்தார். அரசியல் சார்பு, மத நம்பிக்கை, முன்னறிவு எதுவானாலும் பாடத்தின் முடிவில் ஆர்வமும் ஏற்பும் கூடியிருந்ததாக 2005-இல் வெளிவந்த கட்டுரையில் எழுதினார்.

இலக்கியத் துறையில் நடந்த கதை இன்னும் சுவையானது. அதே பிங்ஹாம்டனில் ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஜொனாதன் காட்ஸ்சால், டெஸ்மண்ட் மோரிஸின் 'நிர்வாணக் குரங்கு' நூலைப் படித்த கையோடு ஹோமரின் இலியத்தை மறுபடி எடுத்தார். பெண்ணுக்காகவும் பெருமைக்காகவும் மோதிச் சாகும் வீரர்கள் இப்போது அவருக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தார்கள். அதையே ஆய்வாக எழுத முனைந்தபோது சொந்தத் துறையில் வரவேற்பில்லை. கை கொடுத்தவர் உயிரியல் துறையிலிருந்த வில்சன். இருவரும் சேர்ந்து பதிப்பித்த 'இலக்கிய விலங்கு' என்ற கட்டுரைத் தொகுப்பு 2005-இல் வந்தது.

காட்ஸ்சால் அங்கே நிற்கவில்லை. தேவதைக் கதைகளில் பெண்ணின் அழகையே திரும்பத் திரும்பப் பேசுவது ஐரோப்பியப் பண்பாட்டின் கோளாறு என்பது இலக்கியத் துறைகளில் பரவலாக இருந்த கருத்து. சரி, எண்ணிப் பார்ப்போமே என்றார். அவரும் உடன் ஆய்ந்தவர்களும் பல கண்டங்களின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி, பாத்திரங்களின் தோற்றம் எங்கெங்கே வர்ணிக்கப்படுகிறது என்று குறித்துக்கொண்டே போனார்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலும் அதே சாய்வு இருந்தது. இந்த முடிவோடு ஒருவர் உடன்படலாம், படாமலும் போகலாம். கதைகளைத் திரட்டியவர் யார், எந்த மொழிபெயர்ப்பு என்றெல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால், இலக்கியத்தைப் பற்றிய ஒரு கூற்றைச் சரிபார்க்க முடியும் என்ற எண்ணமே பெரிய வரவு. அந்த வரவு உயிரியல் துறையின் வாசல் வழியாக வந்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை, இருக்கத்தான் வேண்டும். சமூக டார்வினியம், இனத்தூய்மை வாதம் என்ற பெயர்களில் இதே கொள்கையைக் காட்டி நடந்த அநீதிகளை எந்த வளாகமும் மறக்கக் கூடாது. 1975-இல் இன்னொரு வில்சனான எட்வர்ட் ஓ. வில்சனின் 'சமூக உயிரியல்' நூல் வந்தபோது எழுந்த கோபம் சாதாரணமானதல்ல. 1978-இல் ஓர் அறிவியல் மாநாட்டு மேடையில் அவர் தலையில் தண்ணீரையே கொட்டினார்கள். ஸ்டீஃபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் 1979-இல் வைத்த விமர்சனம் இதைவிட ஆழமாகத் தைத்தது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு நடத்தைக்கும் ஏதோ ஒரு பயனைக் கற்பித்துக் கதை கட்டிவிடுவது அறிவியலாகாது என்றார்கள். பரிணாமத்தைப் பிற துறைகளுக்குக் கொண்டுபோகிற எவரும் இந்தக் கண்டிப்பைக் கூடவே கொண்டுபோக வேண்டும். விலங்கு நடத்தையியலாளர் நிக்கோ டின்பெர்கன் 1963-இலேயே இதற்கு வழி காட்டியிருந்தார். ஒரு நடத்தையால் பயன் என்ன, அது எந்த மூதாதையிடமிருந்து வந்தது, உடலுக்குள் எப்படி இயங்குகிறது, ஓர் உயிரின் வாழ்நாளில் எப்படி வளர்கிறது என்று நான்கு கேள்விகளையும் கேட்டாக வேண்டும் என்றார். முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்பவர்தான் கதை கட்டுகிறார்.

வளாகத்துக்கு வெளியிலும் ஒரு சோதனை நடந்தது. பிங்ஹாம்டன், சஸ்குவெஹன்னாவும் செனாங்கோவும் கூடும் இடத்தில் இருக்கும் பழைய தொழில் நகரம். ஆலைகள் போன பிறகு தளர்ந்துபோன ஊர். அங்கே 2010-இல், முந்தைய ஆண்டு மூன்று பாடங்களுக்குக் குறையாமல் தோற்ற ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ரீஜண்ட்ஸ் அகாடமி என்ற தனிப் பள்ளி தொடங்கியது. அதன் விதிகளை வடிவமைக்க டேவிட் வில்சன் குழு பொருளாதாரத்திலிருந்து கடன் வாங்கியது. காடு, மீன்வளம், பாசன நீர் போன்ற பொதுச் சொத்துகளை ஊர்மக்களே கட்டிக்காக்கும் இடங்களை ஆராய்ந்து எலினோர் ஆஸ்ட்ரம் எட்டு நெறிகளை வகுத்திருந்தார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர் அவர். யார் உள்ளே யார் வெளியே என்ற தெளிவு, முடிவெடுப்பதில் எல்லாருக்கும் பங்கு, தவறுக்குப் படிப்படியான தண்டனை, சச்சரவை உடனுக்குடன் தீர்ப்பது ஆகியவை அவற்றில் சில. ஏரித் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் நீர்க்கட்டியை அறிந்த ஊர்க்காரருக்கு இவை புதிதாகத் தோன்றா. பள்ளிக்கு வந்த பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, வராதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆண்டு முடிவில், மாநிலத் தேர்வுகளில் இவர்கள் அந்நகரத்துச் சராசரி மாணவருக்கு ஈடாக வந்துவிட்டார்கள்.

திட்டம் மற்ற வளாகங்களுக்கும் போனது. நியூ பால்ட்ஸில் உளவியலாளர் க்ளென் கெஹர் முன்னின்று தொடங்கினார். அலபாமா பல்கலைக்கழகத்தில் பரிணாமம் பற்றிய பொதுச் சொற்பொழிவுத் தொடரே நடந்தது. பள்ளி உயிரியல் புத்தகங்களில் பரிணாமம் பற்றி எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிய மாநிலம் அது என்பதை நினைத்தால் அந்தத் துணிவின் அருமை புரியும்.

இந்தியாவில் சீட்டு ஒட்டவில்லை; பாடத்தையே எடுத்துவிட்டார்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது 2023-இல் பெரிய விவாதமானது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில்தான் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் பதில். ஆனால், உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அது கண்ணில் படப்போவதே இல்லை. வணிகவியல், வரலாறு, பொறியியல் என்று பிரிந்து போகிறவர்களுக்குப் பரிணாமம் என்றால் குரங்கு மனிதனான கதை என்ற அளவிலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பிற துறைப் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்க 'நான் மேஜர் எலெக்டிவ்' என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 'எல்லாருக்கும் பரிணாமம்' போன்ற ஒரு தாளை அதற்குள்ளேயே வைக்கலாம். உதாரணங்களை அமெரிக்காவிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் ரத்தப் பண்பு இருப்பது 1952-இலேயே தெரியவந்தது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவின் கடுமையிலிருந்து காப்பு. அந்த ஒரு மரபணுவைப் பற்றிப் பேச மருத்துவமும், காட்டின் சூழலியலும், பழங்குடிகளின் திருமண வழக்கமும், மலைக்குத் தோட்டங்கள் வந்த வரலாறும் வேண்டும். விலங்கியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே மேடையில் நின்று நடத்தக்கூடிய பாடம் அது. செமஸ்டருக்கு நான்கு மதிய நேரங்களும் ஒரு கூடமும் இருந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.