மோதட்டும் அலைகள்

நெட்வொர்க் கோடிங் பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வந்த செய்திகளை இடையில் உள்ள கணு அப்படியே தள்ளிவிட வேண்டியதில்லை, கலந்தும் அனுப்பலாம் என்று ருடால்ஃப் ஆல்ஸ்வேடே உள்ளிட்ட நால்வர் 2000-இல் நிறுவினார்கள். அந்தக் கலவையை வானொலி அலைகளிடமே விட்டுவிட்டால்?

ஒன்றையொன்று எட்ட முடியாத இரு முனைகள், நடுவில் ஒரு ரிலே. இரு முனைகளும் செய்தி மாற்றிக்கொள்ள வழக்கமாக 4 ஸ்லாட், அதாவது நேரத் துண்டு, ஆகும். ரிலே இரண்டையும் வாங்கிக் கலந்து அனுப்பினால் 3. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் ஷெங்லி ஜாங், சூங் லியூ, பாட்ரிக் லாம் மூவரும் 2006-இல், 2 போதும் என்றார்கள். முதல் ஸ்லாட்டில் இரு முனைகளும் ஒரே சமயத்தில் பேசட்டும். அடுத்ததில் ரிலே பேசட்டும். அதுவரை குறுக்கீடு என்று எல்லோரும் விலக்கி வைத்ததை அவர்கள் கூட்டல் கணக்காகப் பார்த்தார்கள்.

எளிய பண்பேற்றமான பி.பி.எஸ்.கே.யை எடுத்துக்கொள்வோம். பிட் 0 என்றால் +1, பிட் 1 என்றால் −1. இரு அலைகளும் சம வலிமையில் வந்து சேர்ந்தால் ரிலேவுக்குக் கிடைப்பது +2, 0, −2 ஆகிய மூன்றில் ஒன்று. +2 அல்லது −2 என்றால் இரு பிட்களும் ஒன்றே. ரிலே 0 என்று எழுதிக்கொள்ளும். கூட்டல் 0 என்றால் பிட்கள் வேறுவேறு. 1 என்று எழுதும். யார் எதை அனுப்பினார்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ரிலே 1 என்று அறிவித்ததும், 0 அனுப்பிய முனை எதிர்முனையின் பிட் 1 என்று கண்டுகொள்ளும். இதில் ஒரு நுணுக்கம்: கூட்டல் 0 பாதி வாய்ப்பில் வரும், +2-உம் −2-உம் தலா கால்வாசிதான். ஆகவே இரைச்சலுக்கு நடுவே தீர்மானிக்கும் எல்லைக்கோடுகள் சரியாக ±1-இல் நிற்பதில்லை, கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும்.

சிக்கல் க்யூ.பி.எஸ்.கே.யில் தொடங்குகிறது. அதில் நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 2 பிட். காற்றில் வரும் வழியில் ஓர் அலை மற்றதைவிட 90 பாகை திரும்பிவிட்டால், இடமுனையின் முதல் பிட்டோடு வலமுனையின் இரண்டாம் பிட் போய்ச் சேரும். பிட்கள் ஒன்றானால் 0, வேறானால் 1 என்ற பழைய அட்டவணைப்படி பார்த்தால், ரிலேவில் விழும் ஒரே புள்ளி ஒரு ஜோடிக்கு 01 என்றும் இன்னொரு ஜோடிக்கு 10 என்றும் இருக்க வேண்டியிருக்கும். வலமுனையின் பிட்களை இடம் மாற்றிக் கணக்கிட்டால் குழப்பம் தீரும். பாதைக்கு ஏற்ப அட்டவணையையே மாற்றுங்கள் என்பதுதான் கொய்கே-அகினோ, பொபோவ்ஸ்கி, தரோக் 2009-இல் சொன்ன வழி.

இடமுனை அனுப்புவதை வரிசைகளாகவும் வலமுனை அனுப்புவதை நிரல்களாகவும் எழுதினால், எந்த அட்டவணையானாலும் நிபந்தனை ஒன்றுதான்: எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரு குறி இருமுறை வரக்கூடாது. சுடோகு போடுபவர்களுக்குப் பழகிய விதி. கணிதத்தில் இதன் பெயர் லத்தீன் சதுரம். இந்தத் தொடர்பை விரிவாக ஆராய்ந்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. சுந்தர் ராஜனின் குழு. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதமும் சென்னை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தவர் அவர். இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தச் சதுரங்கள்தான். க்யூ.பி.எஸ்.கே.யில் ரிலேவில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்யும், இரு பாதைகளுக்கு இடையிலான விகிதங்கள் மொத்தம் 12. அவற்றில் சிலவற்றுக்கு நான்கு குறிகளால் சதுரத்தை நிரப்பவே முடியாது, ஐந்தாவது குறி வேண்டும். அப்போது ரிலே ஐந்து புள்ளிப் பண்பேற்றத்தில் பேச வேண்டியிருக்கும்.

கையில் கருவியோடு ஒருவர் நடந்தாலே பாதை மாறிவிடும். ரிலே மறுபடி அளந்து, மறுபடி சதுரத்தைத் தேர்ந்து, எதைத் தேர்ந்தது என்பதை இரு முனைகளுக்கும் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவலுக்கும் அதே இரண்டாம் ஸ்லாட்டில்தான் இடம் ஒதுக்க வேண்டும்.