சிசுக்கொலை: சொல்லும் எழுவாயும்

‘சிசுக்கொலை’ என்பது வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் இணைந்த தொகை. சாமராஜநகர்ப் பகுதியின் கன்னடத்தில் இதற்கு நிகரான ‘சிசுஹத்யெ’யில் இரு உறுப்புகளும் வடசொற்களே. எனினும் இரண்டும் ‘சிசுவைக் கொல்லுதல்’ என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகைகள். செயப்படுபொருளைக் காட்டிச் செய்தவரைக் காட்டாதவை. இவ்வெழுவாய் காலந்தோறும் எவ்வாறு நிரப்பப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டுச் சட்டம் மணமாகாத தாயையே எழுவாயாக்கியது. குழந்தையின் இறப்பை அவள் மறைத்தால், அது இறந்தே பிறந்தது என்பதைச் சாட்சியால் அவளே மெய்ப்பிக்க வேண்டும், இயலாவிடில் கொலைக்குற்றம். இச்சட்டம் 1803இல் நீக்கப்பட்டது. 1922இல் அந்நாடு, ஈன்ற தாயின் மனநிலைக் குலைவைக் கருதித் தண்டனை குறைந்த தனிக்குற்றம் ஒன்றை வகுத்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் (1860) அத்தகைய தனிக்குற்றம் இல்லை. பிறப்பை மறைத்தலுக்கான அதன் 318ஆம் பிரிவு, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 94ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

இந்தியாவில் இருவேறு நிகழ்வுகள் இச்சொல்லுக்குள் அடங்கின. ஒன்று, மறுமணம் மறுக்கப்பட்ட கைம்பெண்ணின் செயல். 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்னும் பிராமணக் கைம்பெண்ணுக்கு இக்குற்றத்திற்காகத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. இவ்வழக்கையொட்டி எழுந்த கண்டனங்களுக்கு மறுமொழியாகத் தாராபாய் சிந்தே 1882இல் மராத்தியில் ‘ஸ்திரீ புருஷ துலனா’வை வெளியிட்டு, ஆணின் பொறுப்பை வினவினார். அதற்கு முன்பே, 1863இல், சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இத்தகைய பெண்களுக்குப் புனேயில் காப்பகம் தொடங்கியிருந்தனர்.

மற்றொன்று, குடும்பமே முடிவெடுக்கும் பெண்சிசுக்கொலை. 1870ஆம் ஆண்டுத் தடுப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பிறப்பைப் பதிந்து கண்காணித்தது. அங்கு எழுவாய் தனியொருத்தி அல்லள், சமூகம். தமிழகத்தில் உசிலம்பட்டி, சேலம் வட்டாரங்களின் நிகழ்வுகள் 1980களில் வெளிப்பட்டபின், 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. ‘கள்ளிப்பால்’ என்னும் சொல்லே இக்கொலையைக் குறிக்கும் ஆகுபெயராயிற்று. அங்கும் கருவி பெயர் பெற்றது; செய்தவர் மறைந்தார்.

தொகை மறைக்கும் எழுவாயை வழக்கு நிரப்புகிறது. பெரும்பாலும் தாயைக் கொண்டே நிரப்புகிறது. அவளைக் கைவிட்ட ஆணும், மறுமணத்தை மறுத்த குலமும், பெண்மகவைச் சுமையெனக் கருதிய குடும்பமும் வாக்கியத்திற்கு வெளியே நிற்கின்றனர். இக்கொலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவர்களையும் எழுவாயாக்கி எழுதுதல் வேண்டும்.