கோள்களைக் காண எந்தத் தொலைநோக்கி? பாலிகஞ்ச் மொட்டை மாடிகளுக்கு ஏற்றது எது?

கொல்கத்தா: வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையத்தையும் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே காண விரும்புவோர் முதலில் கேட்பது, எந்தத் தொலைநோக்கியை வாங்குவது என்பதைத்தான். '525 மடங்கு பெரிதாக்கும்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கப்படும் கருவிகளில் பல, சில வாரங்களிலேயே பரண் ஏறிவிடுகின்றன. அவற்றோடு ஒரு மாணவரின் வானியல் ஆர்வமும் பரண் ஏறுவதுதான் உண்மையான இழப்பு.

தெற்குக் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில், குருசதய் சாலையில் 1959 மே 2-ஆம் தேதி திறக்கப்பட்ட பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் அமைந்துள்ளது. அடுக்குமாடிக் கட்டடங்கள், தெருவிளக்குகள், ஈரக்காற்று என வான்நோக்குவோருக்கான பெருநகர இடையூறுகள் அனைத்தும் இங்கு உண்டு. ஆனால், நகர வெளிச்சத்தில் மறைந்துபோவது மங்கலான நெபுலாக்களும் விண்மீன் திரள்களுமே. வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகியவை பளிச்சென்றே தெரியும். கோள் நோக்குவோருக்கு உண்மையான எதிரி, காற்றின் அலைவு. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை உமிழும்போது, தொலைநோக்கியில் கோளின் விளிம்பு நீரடியில் கிடக்கும் நாணயம்போல நெளியும்.

உருப்பெருக்கம் என்பது தொலைநோக்கியின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்துக் கிடைக்கும் எண் மட்டுமே. 1,200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள கருவியில் 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 120 மடங்கு. வில்லையை மாற்றி எந்தக் கருவியிலும் இந்த எண்ணைக் கூட்டிவிடலாம். தெளிவைத் தீர்மானிப்பது முகப்பு வில்லை அல்லது ஆடியின் விட்டம்தான். ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு 2 மடங்கு என்பது பொதுவான உச்சவரம்பு. அதன்படி 70 மில்லிமீட்டர் கருவிக்கு 140 மடங்கே எல்லை. அதற்கு மேல் உருவம் பெரிதாகும், விவரம் கூடாது. பூமிக்கு அருகில் இருக்கும்போது, வெறும் 40 மடங்கிலேயே வியாழன் வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் காட்சி தரும் என்பதைப் பலர் அறிவதில்லை.

70 மில்லிமீட்டர் ஒளிவிலகல் தொலைநோக்கி எளிது, பராமரிப்பு குறைவு. வியாழனின் 4 பெரிய நிலவுகளும் இரு முக்கியப் பட்டைகளும், சனிக்கு வளையம் உண்டு என்பதும் இதில் தெரியும். பிரகாசமான கோள்களைச் சுற்றி ஊதா நிற விளிம்பு படர்வது இதன் குறை. 150 மில்லிமீட்டர் ஆடி கொண்ட டாப்சோனியன் வகை, இதைவிட 4 மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டுகிறது. வியாழன் மீது அதன் நிலவுகளின் நிழல் நகர்வதை, காற்று அமைதியாக உள்ள இரவில் இதில் தெளிவாகக் காணலாம். கொடுக்கும் பணத்துக்கு அதிக விட்டம் தருவது இந்த வகையே. ஆனால் நீண்ட குழாயைக் குறுகிய மாடிப்படியில் தூக்கிச் செல்ல வேண்டும். ஆடிகளை அவ்வப்போது நேர்ப்படுத்தவும் வேண்டும். மின்தூக்கி இல்லாத பழைய வீடுகளில் இது சிறிய விஷயமல்ல.

மூன்றாவது, மாக்சுடோவ் வகை. 127 மில்லிமீட்டர் விட்டம் இருந்தும் குழாயின் நீளம் முழங்கை அளவே என்பதால் பால்கனிக்குப் பொருந்தும். கோள்களைக் கூர்மையாகக் காட்டும். மூடிய குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரச் சற்று நேரமாகும். அதுவரை உருவம் கலங்கித் தெரியும். எந்த வகையானாலும் ஆடும் முக்காலி அனைத்தையும் கெடுத்துவிடும். எனவே இடமும் உடல் வலுவும் இருப்போருக்கு டாப்சோனியனும், பால்கனி மட்டுமே உள்ளோருக்கு மாக்சுடோவும் ஏற்றவை எனலாம்.

சிறிய கருவியைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டியதில்லை. அன்றைய வங்காளத்தின் ஜெஸ்ஸோரில் கருவூல ஊழியராக இருந்த ராதாகோவிந்த சந்திரா, 3 அங்குலத் தொலைநோக்கியுடன் மாறொளிர் விண்மீன்களைக் கண்காணித்தார். அவரது பணியை மதித்து அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிவைத்தது. பிற்காலத்தில் வைணு பாப்பு வழியாக அக்கருவி தமிழ்நாட்டின் காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

வாங்குவதற்கு முன், அறிவியல் மையங்களோ ஆர்வலர் குழுக்களோ நடத்தும் வான்நோக்கு நிகழ்ச்சிக்குச் சென்று பல கருவிகளில் பார்ப்பது நல்லது. ஒரே இரவில், ஒரே கோளை, ஏறக்குறைய ஒரே உருப்பெருக்கத்தில் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களாவது கண் பதித்திருக்க வேண்டும்; காற்று ஒரு கணம் அடங்கும்போதுதான் நுண்விவரம் தோன்றி மறையும்.

மழைக்காலத்தில் வில்லைகளில் பூஞ்சை படரும் என்பதால், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் அவற்றை வைக்க வேண்டும். சூரியனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை பறிபோகலாம். கண்ணருகு வில்லையில் திருகும் சூரிய வடிகட்டிகள் வெப்பத்தில் வெடிக்கக்கூடியவை. குழாயின் முகப்பை முழுவதும் மூடும் தரமான வடிகட்டி மட்டுமே பாதுகாப்பானது.

வரும் 2027 பிப்ரவரியில் வியாழனும் செவ்வாயும் சில நாள் இடைவெளியில் சூரியனுக்கு நேர் எதிர்த்திசைக்கு வருகின்றன. செவ்வாய்க்கு அந்த நாள் பிப்ரவரி 19. 2003-இல் மிக அருகில் வந்தபோது தெரிந்த அளவில் பாதியைச் சற்றே தாண்டும் அளவில்தான் செவ்வாய் தெரியும் என்பதால், அதற்குப் பெரிய விட்டம் உதவும். நள்ளிரவில் இரண்டும் கொல்கத்தாவில் ஏறத்தாழ உச்சிவானில் இருக்கும். பால்கனியின் மேல்தளம் அப்போது அவற்றை மறைத்துவிடும். மாக்சுடோவ் வைத்திருப்போரும் அன்று மொட்டை மாடிக்கே ஏற வேண்டியிருக்கும்.