ஹார்டு டிஸ்க் மாத்தினா விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமா?

கடையநல்லூர்ல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அக்கா லேப்டாப்ல ஹார்டு டிஸ்க் போச்சு. கடையில புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தாங்க. இப்போ ஸ்கிரீன் ஓரத்துல ‘ஆக்டிவேட் விண்டோஸ்’னு நிக்குது. நண்பர் ஒருத்தர் கிராக் ஃபைல் தர்றேங்கிறாராம், போடலாமா?

வேண்டாம் தம்பி. அக்கா பேங்க் கணக்கு பாக்குறதும் அதே லேப்டாப்லதானே?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். விண்டோஸ் 8-ல இருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டு விக்கிற லேப்டாப்கள்ல லைசென்ஸ் கீ மதர்போர்டுலயே பதிஞ்சிருக்கும். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். அப்போ ஏன் கேக்குது? பெரும்பாலும் எடிஷன் மாறியிருக்கும். நம்ம ஊர்ல விக்கிற லேப்டாப் நிறைய ‘ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’. கடையில எல்லாருக்கும் பொதுவா ஒரே பென்டிரைவ்ல ‘ப்ரோ’ போட்டுடுவாங்க. ஹோம் கீ ப்ரோவைத் திறக்காது. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கம் போனா எந்த எடிஷன்னு தெரியும். ப்ரோன்னு இருந்தா ஃபைல்களை வேற இடத்துல காப்பி பண்ணிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்தே இன்ஸ்டாலர் இறக்கி, சரியான எடிஷனை மறுபடி போடுங்க. நெட் கனெக்ட் ஆனதும் பெரும்பாலும் தானா ஆக்டிவேட் ஆயிடும்.

மதர்போர்டே மாத்தியிருந்தா கதை வேற. அப்போ அந்தக் கீயும் பழைய போர்டோட போயிடும்.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்னா கீ அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், அதுவும் பாதி அழிஞ்சிருக்கும். அந்தக் கீயை வெச்சு 10-க்கோ 11-க்கோ போற வழியை 2023-ல மூடிட்டாங்க. ஆனா முன்னாடியே 10-க்கு மாத்தி ஆக்டிவேட் ஆன லேப்டாப்னா பயமில்ல. இன்ஸ்டால் பண்ணும்போது ‘கீ இல்லை’ன்னு கொடுத்தாலே போதும்.