இரும்பின் பதம் அறிந்து விற்போம்

அரிசியைக் கடித்துப் பார்த்துப் பழையதா புதியதா என்று சொல்கிறோம். மிளகாய் வற்றலைக் கையில் நொறுக்கிப் பார்த்து ஈரம் அறிகிறோம். கருப்பட்டியை உடைத்துப் பார்த்தே உடன்குடிச் சரக்கா, கலப்படமா என்று கூறிவிடும் அனுபவசாலிகள் நம்மிடையே உண்டு. ஆனால் அதே கடையில் ஆணியில் தொங்கும் அரிவாள், கத்தி, தோசைக்கல் ஆகியவற்றை எடுத்து "இது எப்படி அண்ணாச்சி?" என்று வாடிக்கையாளர் கேட்டால், "நல்ல கனமா இருக்கு பாருங்க" என்பதைத் தவிர நமக்கு வேறு பதில் தெரிவதில்லை. இரும்பின் தரம் கனத்திலும் இல்லை, பளபளப்பிலும் இல்லை. அது நெருப்பில் பெற்ற பதத்தில் இருக்கிறது. இதை நாம் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

1985 வாக்கில் எங்கள் தகப்பனார் கடையை நடத்திவந்த காலம். பிசான அறுவடையை ஒட்டி வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பத்து டஜன் அரிவாள் கொள்முதல் செய்தோம். உள்ளூர்ப் பட்டறை விலையைவிடக் குறைவு; கண்ணாடி போல் மின்னியது. மூன்று டஜன் விற்றிருப்போம், ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் வாய் பல்லுப்பல்லாகப் பெயர்ந்திருந்தது. ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த வாழை விவசாயி ஒருவர், அரிவாள் முளைக்கம்பில் பட்டதும் ஒரு துண்டு தெறித்து வேலையாளின் புருவத்தைக் கிழித்துவிட்டது என்றார். ஒரு விரற்கடை தள்ளிப் பட்டிருந்தால் கண் போயிருக்கும். தகப்பனார் வைத்தியச் செலவைக் கொடுத்தார். விற்ற அரிவாள்கள் அனைத்தையும் பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பிறகு எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த வயதான கொல்லரிடம் ஒன்றைக் காட்டினோம். வாயில் அரத்தை வைத்து இழுத்தார்; அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. "அண்ணாச்சி, இரும்புல குத்தமில்ல. தண்ணியில போட்டவன் மறுபடி அனல் காட்டாம விட்டுட்டான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எஃகின் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

இரும்புச் சாமான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அவற்றில் கலந்திருக்கும் கரியின் அளவு. நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரி இருந்தால் அது மெல்லிரும்பு; ஆணி, கட்டுக்கம்பி, சாதாரணத் தகடு எல்லாம் இவ்வகை. இதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரை கரி இருந்தால் அது வெட்டும் கருவிக்கு ஏற்ற எஃகு. நம் பட்டறைகளில் அரிவாள் அடிக்க வாங்கும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஏறக்குறைய அரைப் பங்குக்கு மேல் கரி உண்டு. இரண்டு பங்குக்கு மேல், பொதுவாக மூன்று நான்கு பங்கு இருந்தால் அது வார்ப்பிரும்பு. தோசைக்கல், பணியாரச்சட்டி, எடைக்கல் ஆகியவை இவ்வகை.

எஃகைச் செக்கச்செவேலென்று, அதாவது ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி வரை, காய்ச்சினால் கரி இரும்புக்குள் முழுவதுமாகக் கரைந்துவிடுகிறது. மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து தனக்குரிய இடத்தில் அமரும், எஃகு மிருதுவாகிவிடும். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் பிரிய நேரமின்றிக் கரி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கத்தால் எஃகு மிகக் கடினமாகிறது; அதே இறுக்கத்தால் கண்ணாடி போல் நொறுங்கும் குணமும் வருகிறது. இதைத்தான் தோய்ச்சல் என்பார்கள். இத்துடன் நிறுத்தியது எங்களுக்குச் சரக்கு அனுப்பியவர் செய்த பிழை.

தோய்ச்ச எஃகை மறுபடி இளஞ்சூடு காட்டி இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எவ்வளவு சூடு என்பதை எஃகே நிறத்தால் சொல்லும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறம் வரும். சவரக்கத்தி போன்ற கூரான ஆயுதத்துக்கு அது போதும். 250-க்கு மேல் பழுப்பு, 280-ஐ ஒட்டி ஊதா, 300-இல் நீலம். அடிபடும் அரிவாளுக்கும் கோடரிக்கும் ஊதாவோ நீலமோ வேண்டும். கொல்லப்பட்டறை எப்போதும் அரையிருட்டாக இருப்பதன் காரணமும் இதுவே. வெயிலில் உலையின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

மீதமிருந்த ஏழு டஜனையும் அந்தக் கொல்லர் காப்பாற்றிக் கொடுத்தார். கடலை வறுப்பது போல் இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சினார். கைப்பிடி கழற்றிய அரிவாள்களின் வாயைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொன்றாக மணலில் புதைத்துப் புதைத்து எடுத்துப் பார்த்தார். ஊதா நிறம் ஓடியதும் வெளியே எடுத்தார். அவ்வளவுதான். அந்த ஏழு டஜனில் ஒன்றுகூட வாய் பெயர்ந்து திரும்பி வரவில்லை.

இந்த வித்தை நமக்குப் புதியதல்ல. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை அகழ்ந்தபோது வாள், ஈட்டி முதலிய இரும்புக் கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலேயே உள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. தென்னாட்டு உருக்கின் புகழைக் கேட்டு, மின்சார ஆராய்ச்சியால் பெயர் பெற்ற மைக்கேல் பாரடே 1819-இல் லண்டனில் அதைச் சோதித்துப் பார்த்தார்.

இன்று வீடு கட்ட வாங்கும் டி.எம்.டி. கம்பியும் இதே வித்தைதான். ஆலையில் செஞ்சூடாக வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். மேல்தோல் கடினமாகிறது; நடுவில் மிஞ்சிய சூடு வெளியே பரவி அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. ஆகவே அந்தக் கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைத்தால் கொடுத்த காசு வீண்.

வார்ப்பிரும்பின் கதை வேறு. அதில் மிகுதியான கரி சிறு சிறு தகடுகளாக உள்ளே பரவியிருக்கிறது. விரிசல் ஓடுவதற்கு அந்தத் தகடுகளே வழிபோட்டுக் கொடுக்கின்றன. சூடான தோசைக்கல்லில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் சுருங்காமல் நிற்க, கல் 'டக்'கென்று கீறிவிடும். தோசைக்கல்லைப் பழக்குவது என்று தாய்மார்கள் எண்ணெய் தடவிக் காய்ச்சுவது மேலே எண்ணெய்ப் படலம் பிடிப்பதற்குத்தான். அதனால் இரும்பு உறுதியாகிவிடாது. வார்ப்பிரும்பிலும் நெருப்பால் பதமாக்கும் வகை ஒன்று உண்டு. நொறுங்கும் வெள்ளை வார்ப்பைப் பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில், 900 டிகிரி அளவில் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அடி தாங்கும் குணம் பெறுகிறது. இம்முறையை பிரான்சு நாட்டு அறிஞர் ரியூமர் 1722-இல் எழுதி வெளியிட்டார். ஜி.ஐ. குழாய்களை இணைக்கும் எல்போ, டீ ஆகியவை இவ்வாறு செய்யப்படுபவையே.

இனி, நம் கடைக்கு வேண்டிய நடைமுறைகளைச் சொல்கிறோம்.

ஒன்று: அரிவாள், கத்தி கொள்முதல் செய்யும்போது டஜனுக்கு ஒன்றை எடுத்து வாயில் சிறு அரம் போட்டுப் பாருங்கள். வெண்ணெய் போல் அறுத்தால் மெல்லிரும்பு அல்லது தோய்ச்சல் இல்லாதது. சிறிதும் பிடிக்காமல் வழுக்கினால் பதம் இறக்காதது. சிரமப்பட்டுப் பிடித்தால் அதுவே வேண்டிய பதம். பிறகு காய்ந்த கட்டையில் நாலு வெட்டு வெட்டுங்கள். வாய் மடங்கினால் மிருது. பெயர்ந்தால் அதிகக் கடினம். வெட்டும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம்.

இரண்டு: தோசைக்கல்லைத் தொங்கவிட்டு விரலால் தட்டிப் பாருங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. பொத்தென்று கேட்டால் கீறல் இருக்கலாம். தனியே எடுத்து வையுங்கள். விற்கும்போது "சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

மூன்று: புளி, வெல்லம், பெருங்காயம் வெட்டும் கத்தியை அடுப்பில் காட்டாதீர்கள். மின்சாரச் சாணைக்காரர் அவசரமாகத் தேய்க்கையில் வாயில் நீலம் ஓடினால், அந்த இடத்தில் கத்தியின் பதம் போய்விட்டது. அடிக்கடி தண்ணீரில் முக்கித் தேய்க்கச் சொல்லுங்கள்.

நான்கு: மின்னணுத் தராசு வந்தபின்னும் பலர் எடைக்கற்களை வைத்திருக்கிறோம். பொங்கலுக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது, எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று அவற்றை நெருப்பில் போடுபவர்கள் உண்டு. கல்லின் அடிக்குழியில் எடை சரிசெய்ய ஈயம் வார்த்திருக்கிறது. முத்திரை அந்த ஈயத்தின் மேல்தான் இருக்கிறது. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். பிறகு எடையும் இராது, முத்திரையும் இராது. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இன்படி முத்திரையில்லாத கல்லால் நிறுப்பது குற்றம். துணியால் துடைத்தாலே போதுமானது.

அறுவடை இயந்திரம் வந்தபின் நெல்லரிவாளின் விற்பனை குறைந்துவிட்டது உண்மையே. ஆனாலும் வாழைக்கும் தென்னைக்கும் அரிவாள் வேண்டும். பனையேறுபவரின் இடுப்பில் இன்றும் பாளையரிவாள் இருக்கிறது. அவர் மரத்தின் உச்சியில் நின்று சீவும்போது, அந்தக் கருவி நல்லது என்பதற்கு நம் வாய்ச்சொல்லைத் தவிர வேறு உத்தரவாதம் கிடையாது. பத்து ரூபாய் கூடுதல் லாபத்துக்காகப் பதம் தெரியாத சரக்கை அவர் கையில் கொடுக்கலாகாது. எங்கள் கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்றும் ஒரு சிறு அரம் இருக்கிறது. அது தகப்பனார் வைத்துப் போனது.